மாதையன் கழுத்தும் என் பையும்

ஓசூரில் குடியிருப்பவனுக்கு வெளிமாநிலம் போவது ஒரு பயணமே அல்ல. பால் வாங்கப் போகிற செருப்போடு கர்நாடகத்துக்குப் போய் வந்துவிடலாம். எல்லையை எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இந்த மாம்பழப் பருவத்தில் மாதையனை அழைத்துக்கொண்டு போய்த் திரும்பிய பதினோரு நாட்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாதையன் என் மனைவி சரோஜாவின் தம்பி. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. வயது ஐம்பத்தெட்டு. இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். கிருஷ்ணகிரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துப் புற்றுநோய் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்னத்தில் அவன் நான்கு வருடம் அடக்கி வைத்திருந்த புகையிலையை வாங்கிக் கொடுத்தவன் நான்.

தமிழ்நாட்டில் அந்தப் பொட்டலத்தை விற்கத் தடை. ஒளித்துத்தான் விற்பார்கள். எல்லை தாண்டினால் அத்திப்பள்ளியில் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும். நான் ஓசூரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் ரசாயனக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் அந்தப் பக்கம் ஒரு சிறிய கம்பெனிக்குப் போய்த் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வந்தேன். திரும்பும்போது டிபன் கேரியர் காலியாக இருக்கும். கீழடுக்கில் இரண்டு சரத்தை மடித்து வைத்தால் மூடி சரியாகப் பொருந்தும். வழியில் போலீஸ் நின்றால் இளவட்டங்களின் பைகளைத் திறப்பார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கிழவனின் சாப்பாட்டுப் பையை ஒருவரும் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதையன் வருவான். தோப்பில் விளைந்தது ஏதாவது கொண்டு வருவான். பகல் முழுவதும் இருந்து பேசிவிட்டுப் பொட்டலங்களை இடுப்பில் செருகிக்கொண்டு போவான். சரோஜா இறந்து போன பிறகு என் வீட்டுக்கு வந்து உட்காருகிற ஆள் அவன் ஒருவன்தான். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பொட்டலம் இல்லையென்றால் இவன் வாராவாரம் வருவானா என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தால்தான் வாங்கினேன். ஆசிட் தொட்டியருகே கையுறை இல்லாமல் நிற்பவனை முப்பது வருடம் விரட்டிய நான், அது என்ன செய்யும் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

அவன் மனைவி செல்விக்கு இது தெரியாது. சாலையில் போகிற லாரிக்காரர்கள் கொடுக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே நான் தோப்புக்குப் போய்விட்டேன். காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். டிரைவர் சீனு உள்ளூர்ப் பையன், விடாமல் பேசுகிறவன். கிருஷ்ணகிரி தாண்டியதும் மாம்பழக்கூழ் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. மாதையன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"மாமா, பாருங்க. பெங்களூரா மாங்காவ எப்படிப் பிஞ்சுல ஒடச்சிக்கினு வந்திருக்கானுங்க. அவசரம்."

"உனக்கென்னா, நீ இப்ப மாங்கா நோட்டம் பாக்கவா வந்த? வாய மூடு, காத்தடிக்கும்" என்றாள் செல்வி.

குருபரப்பள்ளி அருகே பின் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. சீனு வண்டியின் பின்பக்கத்தை மூன்று முறை திறந்து மூடினான். நின்றிருந்த லாரிகளில் ஒன்றிலிருந்து ஒரு டிரைவர் தானாகவே ஜாக்கியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளிக்கங்க பெரியவரே, கை அழுக்காவும்" என்று என்னை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செல்வி காரிலிருந்து இறங்கினாள். "நீங்க லாரிக்காரருதான?"

"ஆமாங்க தாயி. நாமக்கல்லுங்க."

"உங்காளுங்கதான் எங்கூட்டுக்காரருக்குப் பொட்டலம் குடுத்துக் குடுத்து வாய அழுவ வெச்சீங்க. இப்ப ஜாக்கி குடுக்க வந்துட்டீங்களா? போற வழில வெசத்தக் குடுத்துட்டுப் போயிருவீங்க. அப்பறம் எவன் செத்தா உங்களுக்கென்னா?"

அவர் ஸ்பானரைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். "நான் வெத்தலகூடப் போட்டதில்லைங்க. டீ ஒண்ணுதாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க."

"வுடு செல்வி. அவரு என்னா பண்ணுவாரு" என்றான் மாதையன். சொல்லிவிட்டு அவள் தலைக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. நட்டுகளை முறுக்கி முடித்து, ஜாக்கியை இறக்கி, என்னிடம் மெதுவாக, "வயித்தெரிச்சல்ல பேசுறாங்க, வுடுங்க சார். நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். எனக்கு விழ வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறிப் போனார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி ஒரு சின்ன ஊர் மாதிரி இருந்தது. கேண்டீனில் நான்கு மொழிகளில் சாப்பாடு கேட்டார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். செல்வி ஒரு வாய் வைத்துவிட்டு, "பாயாசத்துல காய் போட்டிருக்காங்க" என்றாள். பத்து நாளும் தயிர் சாதத்திலேயே ஓட்டினாள்.

இரண்டாம் நாள் டாக்டர் பார்த்தார். நாற்பது வயதுப் பெண்மணி, கன்னடக்காரர். நோயாளிகளிடமிருந்தே தமிழ் கற்றதாகச் சொன்னார். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தபின் மாதையனின் இடது தாடைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். ஓரிடத்தில் விரல்கள் நின்றன.

அந்த இடம் எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, இங்க உருண்டையா இருக்குது பாருங்க" என்று மாதையன் காட்டினான். நானும் இரண்டு விரல்களால்தான் அழுத்தினேன். "பல்லு கெட்டிருக்கும்டா, நெறி கட்டியிருக்குது. உப்புத் தண்ணியில கொப்பளி" என்றேன். அன்றைக்கும் இரண்டு சரம் கொடுத்து அனுப்பினேன்.

டாக்டர் ஊதா நிறப் பேனாவை எடுத்து, காதுக்குக் கீழே தொடங்கி, தாடையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கழுத்தின் குறுக்கே வளைத்து ஒரு கோடு போட்டார். கன்னத்துப் புண்ணைச் சுரண்டி எடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"வாயில வந்தது முதல்ல இறங்குற இடம் இந்தக் கழுத்துதான். தாடையிலிருந்து காறை எலும்பு வரைக்கும் இந்தப் பக்கத்து நெறிக்கட்டி எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றார்.

"எல்லாம் என்றால் எத்தனை, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருபது இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம்."

"வீங்கியது ஒன்றுதானே? அதை மட்டும் எடுத்தால் போதாதா?"

"அது வீங்கினதால தெரியுது. மத்ததுல என்ன இருக்குன்னு கைக்குத் தெரியாது, ஸ்கேனுக்கும் சில சமயம் தெரியாது. ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுக்க முடியாது. சுத்தியிருக்கிற கொழுப்போட ஒரே துண்டா எடுத்து, அப்புறம்தான் தேடிப் பார்க்கணும்." பிறகு மாதையனிடம் திரும்பி, "தோளைத் தூக்குற நரம்பு இதுக்கு நடுவுல போகுது. காப்பாத்தப் பார்ப்போம். ஆனா கொஞ்ச மாசம் கை மேல வராது. காது மடல் மரத்துப் போகும்" என்றார்.

"தொரட்டி புடிக்கணுங்க டாக்டர். மாங்கா ஒடைக்கணும்."

"மொதல்ல உயிர் இருக்கட்டும் ஐயா. மாங்கா அடுத்த வருஷமும் காய்க்கும்."

எழுதிக்கொண்டே அவர் கேட்டார்: "இந்தப் புகையிலை உங்க ஊர்ல விக்கக் கூடாதே. எங்கே கிடைச்சுது?"

"லாரிக்காரங்க குடுப்பாங்க டாக்டர்" என்றான் மாதையன், கண்ணிமைக்காமல். கழுத்தில் ஊதாக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அவனை உள்ளே கொண்டு போனார்கள். நானும் செல்வியும் நாற்காலியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கனகபுரா பக்கத்துக் கன்னடப் பாட்டியம்மா ஒருவர், பேர் கௌரம்மா. அவர் கணவருக்கும் இதே நோய், இதே கழுத்து அறுவை, போன வாரம் முடிந்திருந்தது. செல்வி பிறந்த வீட்டுத் தெலுங்கில் கேட்டாள், அவர் கன்னடத்தில் சொன்னார், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. கௌரம்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து கேழ்வரகு முத்தையைக் கொடுத்தார். எங்கள் ஊர்க் களிதான், ஆனால் பந்து மாதிரி உருட்டியிருந்தது. "பல்லில் படாமல் விழுங்கணும். என் வீட்டுக்காரர் இனிமேல் இதைத்தான் சாப்பிடப் போகிறார். சவைக்கிற வேலையே இல்லை பாருங்கள்" என்று சிரித்தார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க மட்டும் இல்லைன்னா நான் இந்த ஊர்ல எங்கன்னு போயி நின்னிருப்பேன்? அண்ணி இருந்திருந்தா தம்பிய இப்படிப் பாத்துக்கற புருசன நெனச்சி சந்தோசப்பட்டிருக்கும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "செல்வி, ஒரு விஷயம்..." என்றேன். அவள் "சொல்லுங்கண்ணா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. "மோர் வாங்கிட்டு வரட்டுமா?" என்று முடித்தேன்.

மூன்று மணிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஆண் ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். பச்சை உடுப்பில் ஓர் இளம் டாக்டர் எஃகுத் தட்டின் மேலிருந்த துணியை விலக்கினார். நெறிக்கட்டிகள் கொத்து மாங்காய் மாதிரி தொங்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் கொழுப்புத்தான் இருந்தது, இரத்தம் தோய்ந்து, நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டு. ஒன்றே ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வெளுத்து, நெல்லிக்காய் அளவில். நான் உப்புத் தண்ணீர் சொன்னது அதற்குத்தான்.

அதை ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் ஃபார்மலின் ஊற்றி மூடினார்கள். ரசாயனக்காரனுக்கு அந்த நெடி புதிதல்ல. லேப் எதிர்க் கட்டிடத்தில் இருந்தது. எடுத்துப் போகிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். "நீங்களே கொண்டு போய்க் கொடுத்துடுறீங்களா ஐயா? வெளியில எல்லாரும் பார்ப்பாங்க, உங்க பைக்குள்ள வெச்சுக்குங்க."

என் தோளில் அதே பைதான் இருந்தது. டிபன் கேரியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜாடியை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. வெயிலில் அந்த முற்றத்தைக் கடந்ததுதான் என் வாழ்க்கையின் நீளமான பயணம். நூறடிகூட இருக்காது. எத்தனையோ சனிக்கிழமைகள் அவனுக்காகச் சுமந்த பையில் இப்போது அவனையே கொஞ்சம் சுமந்துகொண்டு போனேன்.

மறுநாள் மாதையனைப் பார்த்தபோது செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காதிலிருந்து முகவாயின் அடி வரை கழுத்தில் தையலுக்குப் பதில் பின் அடித்திருந்தார்கள், மூட்டையைத் தைத்த மாதிரி. மூக்கில் ஒரு குழாய், உணவுக்கு. கழுத்தடியிலிருந்து இன்னொரு குழாய் வந்து மடிப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் புட்டியில் முடிந்தது. அதில் சிவப்பு நீர். கீழுதட்டின் இடது ஓரம் தொங்கியது. கழுத்து அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தது. ஒரு மனிதனின் கழுத்துக்கு இத்தனை வருடம் உருவம் கொடுத்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: "மழ பேஞ்சிதா?"

அடுத்த நாட்கள் அந்தப் புட்டியைப் பார்த்தே போயின. காலையில் நர்ஸ் அதை அளந்து எழுதுவார். நாளுக்கு நாள் குறைந்தது, சிவப்பு வெளிறி வைக்கோல் நிறமானது. ஏழாம் நாள் குழாயை உருவினார்கள். எட்டாம் நாள் இடது கையைத் தூக்கச் சொன்னார்கள். தோள் வரைகூட வரவில்லை. மாதையன் அந்தக் கையை அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

பத்தாம் நாள் லேப் முடிவு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு நெறிக்கட்டிகள் கிடைத்தன. இரண்டில் நோய் இருந்தது. கட்டியின் மேலுறையை உடைத்து நோய் வெளியே வரவில்லை. செல்வியிடம் சொன்னேன்.

"ரெண்டா? ஒண்ணுதான வீங்கியிருந்துது?"

"இன்னொன்று வீங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது."

"பாத்தியா" என்றாள் செல்வி, யாரிடம் என்றில்லாமல்.

காயம் ஆறியதும் ஐந்தாறு வாரத்தில் கதிர் சிகிச்சை, முப்பது நாள் தினமும் வர வேண்டும் என்றார் டாக்டர். பாதிப் பின்களை எடுத்துவிட்டு, மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பதினோராம் நாள் சீனு வந்தான். அத்திப்பள்ளியில் டீசல் போட வண்டியைத் திருப்பினான். விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் டீசல் போட்டுக்கொண்டு வருவது எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் வழக்கம்.

"ஓசூரிலேயே போட்டுக்கலாமே சீனு."

"ஓனரு திட்டுவாருங்க சார். அஞ்சே நிமிசம்."

பங்க்குக்கு எதிரேதான் அந்தப் பெட்டிக்கடை. நான் முன்சீட்டில் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். நிமிர்ந்தபோது கடைக்கார ரங்கப்பா சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கையில் செய்தித்தாளில் மடித்த பொட்டலம்.

"நமஸ்காரா சார்! ஏன் சார், ஆளே காணலை? பஸ்ல வருவீங்க, இன்னைக்குக் கார்ல! உடம்பு நல்லா இருக்குதா? உங்க மச்சான் சௌக்கியமா? அவருக்குன்னு ரெண்டு சரம் தனியா எடுத்து வெச்சேன். யாருக்கும் குடுக்கலை."

சன்னல் வழியாக என் மடியில் வைத்தார். அப்புறம்தான் பின்சீட்டைப் பார்த்தார். பின் அடித்த கழுத்து, மூக்குக் குழாய், தொங்கும் உதடு.

"இவரா சார்?" என்றார்.

"இவர்தான்."

அவர் கை உள்ளே வந்து என் மடியிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சாலையைப் பார்க்காமலே கடந்தார். ஒரு பைக் கத்திக்கொண்டு விலகியது.

ஓசூர் வந்தது, போனது. சூளகிரி போனது. சீனுகூடப் பேசவில்லை. குருபரப்பள்ளி நெருங்கியபோது செல்வி, "நிறுத்து" என்றாள். இறங்கி, அன்றைக்கு டயர் மாற்றிய இடத்துக்கு எதிரே போய் நின்றாள். நானும் இறங்கினேன். லாரிகள் வரிசையாக நின்றிருந்தன.

"அந்த நாமக்கல்லுக்காரரு பேரு கேட்டீங்களா?"

"இல்லை."

"நானும் கேக்கல. இப்ப எங்க போயி தேடுவேன் அந்த மனுசன?"

மாதையன் சன்னலில் தலையைச் சாய்த்து, பாதி உதட்டால், "பொட்டலத்த நான்தான் கேட்டேன், செல்வி" என்றான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"நீ கேப்ப. கொழந்தைகூடத்தான் கத்தியக் கேக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு அந்தாள நான் அத்தன பேச்சு பேசனேனே. பக்கத்துல நின்னுக்கினுதான இருந்தீங்க?"

"நின்றுகொண்டிருந்தேன்."

"நாலு வருசமா பண்டிகைக்கெல்லாம் ஊட்டுக்கு வந்து என் கையால சாப்பிட்டீங்க."

பொட்டலம் இல்லாவிட்டால் அவன் வரமாட்டானோ என்று பயந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று என் காதிலேயே விழுந்தது. மாதையன் காரிலிருந்து, "பொட்டலம் இல்லைன்னாலும் வந்திருப்பேன் மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது நாளும் நீங்கதான் கூட்டிக்கினு போவணும். வாராவாரம் போனீங்க இல்ல, இனிமே தெனமும் போங்க."

இப்போது இருவரும் ஓசூரில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். கதிர் சிகிச்சை நடக்கிறது. தினமும் காலையில் நானும் மாதையனும் பஸ் ஏறுகிறோம். மூக்குக் குழாய் எடுத்தாகிவிட்டது. கேழ்வரகுக் கூழ் குடிக்கிறான். இடது கையைச் சுவரில் விரலால் ஏற்றி ஏற்றிப் பழகுகிறான். நேற்று காது உயரம் வந்தது. அத்திப்பள்ளியில் பஸ் நிற்கும்போது அந்தக் கடையில் சரங்கள் தொங்குவதை இருவரும் பார்க்கிறோம்.

செல்வி என்னை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் கிளம்புவதற்கு முன் வாசலில் என் பையை வாங்கி, டிபன் கேரியரின் மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். கீழடுக்கில் விரலை விட்டுத் தடவி மோந்தும் பார்க்கிறாள். பிறகு கூழை ஊற்றி, மூடி, கொக்கியை மாட்டி என் கையில் தருகிறாள்.

நான்கு வருடம் யாரும் திறக்காத பை அது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் செருப்பைப் போட்டுக்கொள்வதில்லை.